ஒரே ஆளுக்குப் பல எண்கள்

பாண்டிச்சேரியில், கோரிமேட்டுக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், பதிவுக் கவுண்டருக்குப் பின்னால், தண்ணீர் கேன்களுக்கும் பழைய எக்ஸ்ரே உறைகளுக்கும் நடுவே எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். என் இருபதுகளின் நடுவில் பெரும்பாலான காலைகள் அதில்தான் கழிந்தன. நான் மருத்துவமனை ஊழியர் இல்லை. அங்கே ஓடிய சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்த சின்னக் கம்பெனியின் இன்ஜினியர். சாஃப்ட்வேர் நின்றுபோனால் ஓட வைக்க வேண்டும். அதுதான் வேலை.

எங்கள் கம்பெனி ரெட்டியார்பாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் யூரியா வாடை வரும், மூடினால் வேர்க்கும். ஐந்தாறு பேர் இருந்தோம். எம்.சி.ஏ. முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தபோது என்னுடன் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டிருந்தார்கள். அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபிறகு அவர் ஒருவரிடம் ஆள் ஏற்றும் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முட்டிவலி. வீட்டில் யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மருத்துவமனை சாஃப்ட்வேரை எழுதியவர் எனக்கு முன்னால் இருந்த சீனியர். அவர் பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினார்.

"ரெண்டு மாசத்துல முடிச்சது இது. ஓடுது. ரொம்ப நோண்டாத, அவ்வளவுதான்" என்றார்.

ஓடத்தான் செய்தது, காலை எட்டு மணி வரைக்கும்.

எட்டு மணிக்கு மேல் விழுப்புரம், திண்டிவனம், கடலூர் பக்கத்துப் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை இறக்கிவிடும். முக்கால்வாசிப் பேர் பக்கத்திலிருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போவார்கள். மீதிப் பேர் எங்கள் வாசலுக்கு வருவார்கள். துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் கைக்குழந்தையுமாக வரிசை நிற்கும். கவுண்டரில் இருந்த அக்கா அவர்கள் பெயரைக் கேட்டு, பழைய பதிவு இருக்கிறதா என்று கணினியில் தேடுவார். திரை அப்படியே உறைந்துவிடும். மணற்கடிகாரம் மட்டும் கவிழ்ந்து கவிழ்ந்து எழும்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். வில்லியனூர் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். கோபக்காரி. காலையில் கட்டிய மல்லிகை பத்து மணிக்குள் வாடிவிடும், அவர் முகமும் கூடவே வாடும். திரை உறைந்தால் அவர் காத்திருக்கமாட்டார். தேடலை ரத்து செய்துவிட்டுப் புதுப் பதிவு போட்டு, புது எண் எழுதிய அட்டையை நீட்டிவிடுவார்.

"அக்கா, அவர் போன மாசம்கூட வந்திருக்கார். பழைய நம்பர் இருக்குமே" என்றேன் ஒருநாள்.

"இருக்கும்மா. நான் தேடிக்கினு இருந்தா லைன் ரோட்டுக்குப் போயிடும். புதுசு போட்டா டக்குனு விழுது. நீ இன்னா பண்ணச் சொல்ற?"

இப்படி ஒரே ஆளுக்கு மூன்று எண், நான்கு எண் சேர்ந்தன. ஒவ்வோர் எண்ணின் கீழும் அந்த ஆளின் ஒரு துண்டுதான் இருந்தது. சர்க்கரை ஓரிடத்தில், ஆபரேஷன் இன்னோரிடத்தில். டாக்டர் திரையில் எந்தத் துண்டு வருகிறதோ அதுதான் அன்றைக்கு அந்த நோயாளி.

எங்கள் முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மாடி வாடகையும் எங்கள் சம்பளமும் அவர் தலையில் இருந்தன. "ரேம் போட்டா சரியாயிடும்" என்றார். போட்டோம். சில நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் மணற்கடிகாரம்.

கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். தகவல் அட்டவணைகளைப் பிரிக்கும் நார்மல் ஃபார்ம் விதிகளை வரிசையாக ஒப்பிப்பேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டாபேஸ் ஏன் மூச்சு வாங்குகிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். முதலியார்பேட்டையிலிருந்து டெம்போவில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். நெரிசலில் முழங்கை மடக்க இடமிருக்காது. ஒரு பக்கத்தைப் படிக்கையில் முந்தின பக்கம் மறந்துபோகும். வீட்டுக்கு வந்தால் சோறு சாப்பிடும்போதே கண் சொருகும்.

ஆனாலும் மெள்ள மெள்ள விளங்கியது. அகராதியில் ஒரு சொல்லின் முதலெழுத்து தெரிந்தால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். நடுவில் வரும் எழுத்து மட்டும்தான் தெரியும் என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டவேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் ஒவ்வொரு தேடலுக்கும் கடைசிப் பக்கம்வரை புரட்டிக்கொண்டிருந்தது. பெயரில் எங்கே எந்த எழுத்து இருந்தாலும் கண்டுபிடிக்கவேண்டும் என்று சீனியர் நல்லெண்ணத்தோடு எழுதியிருந்தார். நூறு நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது அது கண்ணிமைக்கும் நேரத்தில் வந்திருக்கும்.

அவர் அப்படி எழுதியதற்கும் காரணம் இருந்தது. பெயர்களை ஆங்கிலத்தில்தான் அடித்தார்கள், எழுத்துக்கூட்டல் மாறினாலும் பாதிப் பெயரை வைத்தாவது தேட முடியவேண்டும். எங்கள் ஊரில் 'உ' ஓசைக்கு ஆங்கிலத்தில் ஓ, யு இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வழக்கம். எல்லை தாண்டினால் யு மட்டும்தான். ஒரே பெயரை எல்லைக்குள் இருக்கும் பாகூர்க்காரருக்கு ஒரு மாதிரியும் திருக்கனூர் எல்லையைத் தாண்டி வந்தவருக்கு வேறு மாதிரியும் எழுதுவார்கள். காலையில் உட்காரும் அக்கா ஒரு மாதிரி அடிப்பார், மாலையில் உட்காருபவர் இன்னொரு மாதிரி. ஊரின் பெயரையே அரசாங்கம் மாற்றிய காலம் அது. பாண்டிச்சேரி, பாண்டி, புதுச்சேரி என்று எங்கள் டேட்டாபேஸில் ஓர் ஊரே பல ஊர்களாக இருந்தது.

திரை உறைவதற்கான இன்னொரு காரணத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. ஆவண அறையில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்ஸில். கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் அழைப்பதுபோல என்னை மத்மசேல் என்று கூப்பிடுவார், கிண்டலா மரியாதையா என்று கடைசிவரை தெரியவில்லை. தினமும் சரியாக எட்டு மணிக்கு முந்தின நாள் அறிக்கைக்கான பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போவார். அந்த அறிக்கை தயாராகி முடியும்வரை டேட்டாபேஸ் மற்றவர்களை நிறுத்திவைத்தது. கவுண்டரில் வரிசை நீள்வதும் இங்கே காப்பி ஆறுவதும் ஒரே நேரத்தில்தான் நடந்திருக்கின்றன.

"கொஞ்சம் பதினொரு மணிக்கு மேல எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டேன்.

"ஒன்பது மணிக்கு டைரக்டர் டேபிள்ல இருக்கணும் மத்மசேல். மத்தியானம் கொடுத்தா நான் தூங்கிட்டு வந்தேன்னு நினைப்பார். மிஷின் பிரச்சனைய மிஷின்ல பாருங்க."

அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. நான் இரண்டு காரணங்களையும், செய்யவேண்டிய மாற்றங்களையும் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கலையே. கல்யாண மண்டபம் ப்ராஜெக்ட் முடியட்டும், பாத்துக்கலாம்."

மறுநாள் காலையும் போய் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அது ஐப்பசி மாதம். விடாமல் தூறிக்கொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு விவசாயியை அவர் மனைவி கூட்டிவந்திருந்தார். கரும்பு வெட்டும்போது கத்தி காலில் இறங்கியிருந்தது. வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள், ரத்தம் ஊறிக் கறுத்திருந்தது. அக்கா பெயரைத் தேடினார். திரை உறைந்தது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள்? புது எண் போட்டு உள்ளே அனுப்பினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உள்ளே தையல் போட்டு, வலிக்கு ஓர் ஊசியும் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் ஓடிவந்தார்.

"இவருக்குப் பழைய ரெக்கார்டு ஏதாச்சும் இருக்கா பாருங்க. உடம்பெல்லாம் தடிச்சுப்போய் மூச்சு விட முடியல. போன வருஷமும் இங்க வந்திருக்காங்களாம்."

அக்கா எழுந்து எனக்கு இடம் விட்டார். அதற்குள் எட்டு மணி அறிக்கை முடிந்து திரை அசையத் தொடங்கியிருந்தது. பெயரை நான் எழுத்து மாற்றி மாற்றி அடித்தேன். அவசரத்தில் தப்புத் தப்பாக விழுந்தது. மூன்றாவது முறையில் வந்தது. அதே ஊர், அதே அப்பா பெயர், வேறு எண். கீழே சிவப்பில் ஒரு வரி இருந்தது. இந்த வலி ஊசி இவருக்கு ஒத்துக்கொள்ளாது, போடக் கூடாது. நர்ஸ் அதைப் படித்துவிட்டு உள்ளே ஓடினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவிர சிகிச்சையில் சில நாள் வைத்திருந்து பிறகு வார்டுக்கு மாற்றினார்கள்.

அன்றைக்கு மதியம் அவர் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கணினிக்காரப் பெண் என்று மட்டும் புரிந்திருந்தது.

"போன தடவையும் இப்படித்தாம்மா ஆச்சு அவருக்கு. அப்ப டாக்டரம்மா சொன்னாங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனிமே எப்ப வந்தாலும் தெரியும், கவலைப்படாதேன்னு. அதான் இன்னிக்கு நான் வாயத் தொறக்கல." டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "நான் சொல்லியிருக்கணும், இல்லம்மா?"

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். "இல்லங்க, உங்க மேல தப்பு இல்ல" என்றேன். அதுவரை எனக்கு டேட்டாபேஸ் என்பது வேகமும் தாமதமும்தான். எங்களை நம்பி ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து டைரக்டர் அறையில் கூட்டம். முதலாளி என்னைத் தன் ஸ்கூட்டரில் அழைத்துப்போனார். வழியில், இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றபோது, முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"பழைய பதிவு சிஸ்டத்துல இருந்துச்சு. அந்தம்மா தேடி எடுக்காம புதுசு போட்டாங்க. நடந்தது அதான். அத மட்டும் சொல்லு. பொய் சொல்லச் சொல்லல."

உண்மைதான், அதில் பொய் இல்லை. அந்த வார்த்தைகளை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சரளமாகத்தான் வந்தன.

டைரக்டர் வயதான டாக்டர். அறையில் ஆவண அறைப் பெரியவரும் அக்காவும் இருந்தார்கள். அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டைரக்டர் என்னைப் பார்த்து, "என்ன நடந்தது, நீங்க சொல்லுங்க" என்றார்.

"பழைய பதிவு இருந்தது சார். ஆனா காலையில அதைத் தேடி எடுக்க முடியாது. யார் உக்காந்தாலும் புதுசுதான் போட்டாகணும். சாஃப்ட்வேர் அப்படி இருக்கு" என்றேன். பிறகு அகராதி உதாரணத்தைச் சொன்னேன். எட்டு மணி அறிக்கையைச் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. முதலாளி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு நாள்ல சரி பண்ணுவீங்க?" என்று மட்டும் டைரக்டர் முதலாளியிடம் கேட்டார்.

திரும்பும்போது முதலாளி ஸ்கூட்டரில் ஏறச் சொன்னார், நான் டெம்போவில் வருகிறேன் என்றேன். அதன் பிறகு வெகுநாள் வேலை தவிர அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் அதைச் சரிசெய்ய வேறு ஆள் இல்லை.

அக்கா எனக்கு நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. மறுநாள் காலை அவர் சொன்னது, "நீ சொல்லலைனா நானே சொல்லியிருப்பேன். எனக்கு வாய் இல்லையா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து வந்த மாதங்கள்தான் நான் சிஸ்டம் டிசைன் என்பதைக் கற்ற காலம். அப்போது அதற்கு அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அறிக்கைக்காகத் தகவல்களின் தனிப் பிரதி ஒன்று விடியற்காலையில் தானாகவே எடுத்துவைக்கும்படி செய்தேன். பெரியவர் வழக்கம்போல எட்டு மணிக்கு அழுத்தலாம், கவுண்டர் நிற்காது. முதல் தடவை அறிக்கை உடனே வந்தும் அவர் திருப்தியடையவில்லை. "காப்பி குடிக்க நேரமில்லையே மத்மசேல்" என்றார். பெயர்களை எழுத்தை வைத்துத் தேடாமல் ஓசையை வைத்துத் தேடும்படி மாற்றினேன். ஓ, யு இரண்டும் ஒன்று, ழ-வும் ள-வும் ஒன்று, இரட்டை எழுத்தும் ஒற்றை எழுத்தும் ஒன்று. பலமுறை தப்பாகி, பலமுறை திருத்தி, ஒருவழியாகத் தேடினால் ஆள் கிடைத்தார்.

பழைய எண்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஒரே ஆள் யார் யார் என்று கணினி ஒரு குத்துமதிப்பு சொல்லும். கடைசி முடிவை மனிதர்தான் எடுக்கவேண்டும். மதியம் கூட்டம் குறைந்ததும் நானும் அக்காவும் உட்காருவோம். மின்விசிறி சூடான காற்றைத்தான் தள்ளும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதே ஆளா? ஆமாம். இதே ஆளா? தெரியவில்லை, போன் போடு. நிறையப் பேருக்குப் போன் கிடையாது. பக்கத்துக் கடை எண்தான் இருக்கும்.

ஒரு மதியம் பட்டியலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரே பெயர், ஒரே கணவர் பெயர், ஒரே ஊர், வயதும் கிட்டத்தட்ட ஒன்று. நான் சேர்க்கப் போனேன். அக்கா, "இரு, கேட்டுடலாம்" என்று கடை எண்ணைச் சுழற்றினார். எதிரில் பேசியவர் சிரித்தது எனக்கும் கேட்டது. "ரெண்டும் வேற வேற வீடும்மா. எங்க ஊர்ல பாதிப் பேருக்குக் குலசாமி பேருதான். எந்த வீட்டம்மா வேணும் உங்களுக்கு?" ரத்த வகையைப் பார்த்தோம், வேறு வேறு. பிரிந்து கிடப்பது ஆபத்து என்றால் தப்பாகச் சேர்வது அதைவிட ஆபத்து. அதன் பிறகு எதையும் அழித்துச் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டையும் அப்படியே விட்டு, நடுவில் ஓர் இணைப்பு மட்டும் போட்டேன். தப்பென்று தெரிந்தால் அவிழ்த்துவிடலாம். செய்த எதையும் அவிழ்க்க வழி வைத்துச் செய்யவேண்டும் என்று நான் கற்றது அந்த மதியத்தில்தான். அதுவரை செய்ததையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருந்தது. அக்கா டீ சொல்லப் போனார்.

ஒருநாள் அந்த விவசாயி கால் காட்ட வந்தார். லேசாக நொண்டினார். அவருக்கு மூன்று எண்கள் இருந்தன. பக்கத்தில் உட்காரவைத்து, ஊர், அப்பா பெயர், முன்னால் எதற்கு வந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில், "ஒரே ஆளுதாம்மா நானு" என்றார். அவர் மனைவி அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்த ஊசி விசயம் இருக்குதா?" என்று கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சிவப்பு வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இருந்தாலும் நான் உள்ள போயும் சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லிடுங்க. எப்பவும் சொல்லிடுங்க" என்றேன்.

எல்லாம் முடிந்தபோது கொண்டாட்டம் எதுவுமில்லை. வரிசை நகர்ந்தது, அவ்வளவுதான். நகரும் வரிசையை யாரும் கவனிப்பதில்லை. முதலாளி கல்யாண மண்டப வேலையை நீட்டினார். நான் ஒரு வாரம் லீவு கேட்டேன். காரணம் கேட்டார்.

"தூங்கணும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்துப் பேசினார் என்று நினைக்கிறேன். "கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு உனக்கு" என்றார். லீவு கொடுத்தார்.

அதற்கடுத்த வருடம் நான் சென்னைக்குப் போனேன். நேர்காணலில் எத்தனை நோயாளிகள் என்று கேட்டார்கள். நான் சொன்ன எண் அவர்களுக்குச் சின்னதாக இருந்தது. உங்கள் சிஸ்டத்தில் கடினமான பகுதி எது என்று கேட்டதற்கு, இரண்டு பேர் ஒரே ஆளா இல்லையா என்று தெரிந்துகொள்வது என்றேன். ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை கிடைத்தது.

கிளம்புகிற அன்று அப்பா தான் ஓட்டும் டெம்போவிலேயே என்னைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் ஏறிய ஆட்களிடம் வழக்கம்போலக் காசு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேருந்து கிளம்பி, ஊர் எல்லையிலிருக்கும் காலாப்பட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனேன். யாரோ தோளைத் தட்டி எழுப்பியபோது திருவான்மியூர் வந்திருந்தது.